ஹாய்ஸ்ட் பெட்டிக்குள் இருந்த சைக்கிள் டியூப்

எனக்குச் சந்தேகப் புத்தி. மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். கடைக்காரர் பல்பை எரியவைத்துக் காட்டிக் கொடுத்தாலும், வீட்டுக்கு வந்து நான் ஒரு தடவை எரியவைத்துப் பார்த்துத்தான் மாட்டுவேன். "சோத்துல உப்பு போட்டுட்டேன்னு சத்தியம் பண்ணுனாலும் நீங்க நம்ப மாட்டீங்க" என்பாள் என் வீட்டுக்காரி. ஆமாம், நம்ப மாட்டேன். ஒரு வாய் தின்றால் தெரிந்துவிடப் போகிறது, எதற்கு நம்ப வேண்டும்?

இந்தப் புத்திக்கு ஏற்ற வேலைதான் எனக்கு வாய்த்தது. பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே, எல்லைச் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மிளகையும் ஏலக்காயையும் அரைத்து அதன் சத்தைப் பிரித்தெடுக்கிற ஆலை ஒன்று இருக்கிறது. அங்கே பதினாறு வருஷமாக நான் எலக்ட்ரீஷியன். மிளகு குமுளியிலிருந்து லாரியில் வரும். அரைத்த மிளகைப் பெரிய கூடைகளில் நிரப்பி, ஹாய்ஸ்ட் என்கிற பாரம் தூக்கும் மெஷினில் ஏற்றி, மூன்று ஆள் உயரத் தொட்டிக்குள் இறக்குவார்கள். தொட்டியில் ஹெக்சேன் ஓடும். பெட்ரோலுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகின் காரத்தையும் மணத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாது, தரையோடு தரையாகத் தவழும். ஒரு பொறி கிடைத்தால் போதும், அந்தக் கூடமும் இருக்காது, நாங்களும் இருக்க மாட்டோம்.

அந்தக் கூடத்துக்கு நாங்கள் வைத்த பேர் ஹால். ஹாலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். டார்ச்சுகூடத் தனி டார்ச்சு. உள்ளே இருக்கிற சுவிட்ச், விளக்கு, மோட்டார், கம்பி சேர்கிற பெட்டி எல்லாம் எஃப்எல்பி என்று நாங்கள் சொல்கிற கனத்த வார்ப்புச் சாமான்.

எஃப்எல்பி பெட்டி என்றால் ஆவி உள்ளே போகாமல் இறுக மூடின பெட்டி என்று முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படித்தவர்களே நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆவி உள்ளே போகும். போய், உள்ளே ஒரு பொறியில் வெடிக்கவும் செய்யும். வெடித்தால் வெடிக்கட்டும் என்றுதான் அத்தனை கனமாக வார்த்திருக்கிறார்கள். மூடியும் பெட்டியும் ஒன்றின்மேல் ஒன்று உட்காருகிற விளிம்பு ஒரு விரல் அகலம் இருக்கும். உலோகத்தோடு உலோகம், நடுவில் தாள்கூட நுழையாது. உள்ளே வெடித்த நெருப்பு அந்தச் சந்தில் நசுங்கி வெளியே வருவதற்குள் ஆறிப்போய்விடும். வெளியே இருக்கிற ஆவிக்கு உள்ளே வெடித்த சங்கதியே தெரியாது. அதனால் அந்த விளிம்பில் பெயிண்ட் அடிக்கக் கூடாது, கீறல் விழக் கூடாது, நடுவில் எதையும் வைக்கக் கூடாது. ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய தகட்டை விளிம்பு முழுக்க வைத்து அழுத்திப் பார்த்து, எங்கேயும் நுழையவில்லை என்று தெரிந்த பிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன்.

அதிலும், ஒரே இடத்தில் நிற்கிற மோட்டாருக்குக் கம்பி இழுப்பது ஒரு வேலை; ஓடுகிற ஹாய்ஸ்ட்டுக்கு இழுப்பது வேறு வேலை. ஹாய்ஸ்ட் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வரும். கேபிளும் கூடவே போய்வர வேண்டும். சின்னச் சின்ன டிராலிகளில் வளைவு வளைவாகத் தொங்கவிட்டிருப்போம், ஜன்னல் திரை ஒதுங்கி விரிகிற மாதிரி அது ஒதுங்கி விரியும். நாளெல்லாம் மடங்கி நிமிர்கிற கேபிளுக்குள் ஒரு கம்பி நைந்தாலும் ஆபத்து. பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் பிடி தளர்ந்தாலும் ஆபத்து. ஹாலில் எனக்கு நிம்மதியில்லாத சாமான் ஒன்று உண்டென்றால் அது ஹாய்ஸ்ட்தான்.

போன வருஷம் ஜூன் மாசத்து இடவப்பாதி மழைக்கு முன்னால் பழைய ஹாய்ஸ்ட்டைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டார்கள். வயரிங்குக்குக் காண்ட்ராக்டர் அனுப்பின ஆள் மூணாறு மலைப் பக்கம் சூரியநெல்லிக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, அங்கே ஃபேக்டரியிலேயே தொழில் கற்று, அப்புறம் கெமிக்கல் கம்பெனிகளுக்கு வயரிங் செய்யப் போனவர். பேச்சு அப்படியே திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. வந்ததும் நேராக என்னிடம் வந்து, "வணக்கம் அண்ணாச்சி, இங்க எல்லாம் நீங்கதான்னு சொன்னாவ" என்றார்.

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. வந்ததும் வராததுமாக என்னத்துக்கு இத்தனை மரியாதை?

இரண்டாம் நாள் டீ குடிக்கும்போது தன் சங்கதியைச் சொன்னார். அவர் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். சீக்கிரம் வேலையிலிருந்து நிற்கப் போகிறார். வீட்டில் ஒருத்தராவது எஸ்டேட் பேரேட்டில் இருந்தால்தான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் இருக்க விடுவார்கள். அம்மா பேரை எடுத்ததும் வீட்டைக் காலி பண்ண வேண்டும். இந்த ஹாய்ஸ்ட் வேலை சுத்தமாக முடிந்தால் எங்கள் ஆலையே அவரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸும் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அம்மா, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள்.

"இது கெடச்சுட்டா பொழச்சோம் அண்ணாச்சி. இல்லன்னா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போயி நிக்கன்னு தெரியல" என்றார்.

மனுஷனாகப் பிறந்தவனுக்கு இதைக் கேட்டால் மனசு இளகும். எனக்கு இளகவில்லை. இதை எதற்கு என்னிடம் சொல்கிறார்? நாளைக்கு வேலையில் கோணல் மாணல் இருந்தால் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிடு என்று இப்போதே அஸ்திவாரம் போடுகிறாரா? அன்றிலிருந்து அவர் கையை விட்டு என் கண்ணை எடுக்கவில்லை.

வேலை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது. டிராலிக்கு டிராலி கேபிளைவிடக் கொஞ்சம் குட்டையாக ஒரு மெல்லிய இரும்புக் கயிறு கட்டினார், இழுப்பு கேபிளுக்கு வராமல் கயிற்றுக்கே வரட்டும் என்று. வளைவு எங்கேயும் இறுகாமல் பார்த்துக்கொண்டார். ஹாய்ஸ்ட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டச் சொல்லி, ஓடும்போதே எர்த் அறுபடாமல் இருக்கிறதா என்று மீட்டரைப் பார்த்தார். நிற்கவைத்துப் பார்க்கிறவர்கள்தான் எனக்குத் தெரிந்து எல்லாரும். இவர் என்னைவிடக் கெட்டிக்காரராக இருக்கிறாரே என்று வயிறு எரிந்தது, சொல்ல வெட்கம்தான். எல்லாப் பெட்டியையும் கேஜ் வைத்துப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஹாய்ஸ்ட் ஓடத் தொடங்கின மறுவாரம் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை கணவாய்க் காற்றோடு வருவது. மேலேயிருந்து பெய்யாது, பக்கவாட்டில் அடிக்கும். ஹாலின் மேற்குச் சுவரில் காற்றுப் போக வைத்த சட்டங்கள் வழியாகச் சாரல் உள்ளே வந்து, அந்தக் கோடியில் இருக்கிற ஹாய்ஸ்ட் பெட்டியை நனைத்தது. கரண்ட் கசிந்து ஹாய்ஸ்ட் டிரிப் ஆனது. ஒரு நாளைக்கு நாலு தடவை.

பெர்மிட் எழுதி, லைனை ஆஃப் பண்ணிப் பூட்டுப் போட்டு, ஆவி இல்லையென்று மீட்டரில் பார்த்த பிறகு நானும் அவரும் பெட்டியைத் திறந்தோம். உள்ளே தண்ணி முத்து முத்தாக நின்றது. துடைத்தோம். "பெட்டிக்கு மேல தகரத்துல ஒரு கூடு அடிச்சு மாட்டணும் அண்ணாச்சி. விளிம்புக்கு அதுக்குன்னு உள்ள கிரீசத் தடவணும். வேற ஒண்ணும் செய்யக் கூடாது" என்றார். சரியான பேச்சு. சேஃப்டி மேடமும் சம்மதித்தார். மேடம் திருச்சூர்க்காரர், ஹாலில் அவர் வைத்ததுதான் சட்டம். கூடும் கிரீசும் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த ஒரு வாரமும் மேனேஜரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நிங்ஙள் ஒப்பிட்ட ஹாய்ஸ்ட் அல்லே?" என்று ஆட்கள் முன்னால் வைத்துக் கேட்டார். நான் கையெழுத்துப் போட்ட ஹாய்ஸ்ட்தானே என்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். எஃப்எல்பி போல்ட்டுக்கான தனி ஸ்பேனர் இருக்கிற என் டூல்ஸ் பீரோ சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனேன். மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். அதே ஆலையில் பைப் ஃபிட்டர், எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சாவியை உலகத்தில் அவர் ஒருத்தரிடம்தான் கொடுப்பேன்.

திங்கட்கிழமை மழை இன்னும் வலுத்தது. ஹாய்ஸ்ட் டிரிப் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமையும் ஆகவில்லை, புதன்கிழமையும் ஆகவில்லை. மேனேஜர் சிரித்த முகமாக என்னைத் தாண்டிப் போனார். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. தகரக் கூடு இன்னும் வரவில்லை, கிரீஸ் வரவில்லை, மழை குறையவில்லை. பின்னே எப்படி நின்றது?

வியாழக்கிழமை காலையில் பெர்மிட் கேட்டேன். "நல்லா ஓடறதை எந்தினா துறக்குன்னது?" என்று, எதற்குத் திறக்க வேண்டும் என்கிற மாதிரி, மேனேஜர் சலித்துக்கொண்டார். மேடம்தான் கொடுத்தார். சூரியநெல்லிக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். எட்டு போல்ட்டையும் கழற்றி மூடியை எடுத்தேன். விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை. சைக்கிள் டியூப். நாலு பக்கமும் அளவாக வெட்டி, போல்ட் போகிற இடத்தில் ஓட்டை போட்டு, அழகாக உட்கார வைத்திருந்தது.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று மோட்டாருக்கு இருக்கிற ஸ்டார்ட்டர் பெட்டிக்கு இப்படித்தான் செய்வோம். மழைத் தண்ணி இறங்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மூடிக்குக் கீழே வைப்போம். தோட்டத்தில் அது கெட்டிக்காரத்தனம். ஹாலில் அது கொலை. அந்த ரப்பர் இருந்தால் மூடி விளிம்பை விட்டுத் தூக்கி நிற்கும், உள்ளே வெடித்தால் நெருப்பு ஆறாமல் அப்படியே வெளியே வரும். மூன்று நாளாக அந்த ரப்பரோடு ஹாய்ஸ்ட் ஓடியிருக்கிறது. கீழே ஆறு பேர் நின்று கூடை வாங்கியிருக்கிறார்கள். 

கீழே இறங்கி அதை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "ஏனுங்க, இது என்னங்க?" என்றேன்.

அவர் ரப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. குற்றமில்லாதவன் என்றால் நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா? எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவர் வைத்ததைக் கண்ணால் பார்த்தேனா என்று மேடம் என்னைத்தான் முதலில் கேட்டார். "ஆளு வெச்சது சேட்டன் கண்டோ?"

"பாக்கணுங்களா மேடம்? அந்த போல்ட்டுக்கு ஸ்பேனர் என்கிட்ட இருக்குது, அவர்கிட்ட இருக்குது. நான் வெக்கலை. வேலை போயிரும்ன்ற பயத்துல டிரிப் ஆகறதை மறைக்க அவர்தான் வெச்சிருக்கோணும்."

"எழுதித் தா" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். வயரிங் செய்தவரே வைத்திருக்கிறார் என்று, நேரில் பார்த்த மாதிரியே எழுதினேன். ஹாலில் பெர்மிட் இல்லாமல் பெட்டியைத் திறந்தவனுக்கு அன்றோடு வேலை போகும், அதில் யாருக்கும் தயவு கிடையாது. மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை, அதுவரை அவர் ஹாலுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. முதல் நாள் மூக்கில் வேர்த்தது சரியாகப் போயிற்றே என்கிற திருப்தி.

பொழுதோடு வீட்டுக்குப் போனால், தோட்டத்து மோட்டார் ரூமில் மச்சான் உட்கார்ந்திருந்தார். அவர் வயலில் நடவு, அதனால் அன்றைக்கு லீவு. ஆலையில் நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரி அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க மாப்ள, இப்ப ஹாய்ஸ்ட்டு டிரிப் ஆகறதில்லீங்களாமா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"ஆகறதில்லீங்க மச்சான்."

"எப்படி ஆகும்? நாந்தான டியூப் வெச்சேன்."

 அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். "ஞாயித்துக்கெழமை கழுவறதுக்கு ஹாலைக் காலி பண்ணி லைனெல்லாம் ஆஃப் பண்ணியிருந்தாங்க. உங்க பீரோ சாவிதான் எங்கிட்ட இருந்துச்சே. எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பாத்து ஏறி வெச்சுப்போட்டேன். அந்த மேனேஜரு உங்களைய அத்தனை பேரு முன்னால பேசுனது எனக்குத் தாங்கலீங்க. இந்த மோட்டாருக்கு நீங்க வெச்சுக் குடுத்த மாதிரியேதான் வெட்டி வெச்சேன், அளவு பாத்தீங்களா?"

பெருமையாகச் சொன்னார் பாருங்கள், அதுதான் என்னைக் கொன்றது. அந்த மனுஷனுக்கு விளிம்பும் தெரியாது, சந்தும் தெரியாது. தண்ணி, பைப், வால்வு என்று எட்டு வருஷமாக அவர் உண்டு அவர் வேலை உண்டு. வருகிற போகிற ஆளுக்கெல்லாம் எஃப்எல்பி பெட்டியைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன், அவருக்கு மட்டும் எடுத்ததில்லை. பெண் கொடுத்த வீட்டு மூத்தவருக்குப் போய் எப்படிப் பாடம் எடுப்பது என்று விட்டுவிட்டேன். சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் என்று நான் போட்ட கணக்கிலும் அவர் வரவேயில்லை. 

பிறகு அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர் என்ன செய்யும் என்று சொன்னேன். யாரை எழுதிக் கொடுத்தேன் என்றும் சொன்னேன். காபி டம்ளர் அவர் கையில் அப்படியே இருந்தது. "ஆறு பேரா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியாதுங்களே" என்றார். எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்காரி அங்கேயே நின்றாள். "நாளைக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

"தெரியலை."

"எங்கண்ணனுக்கு வேலை போச்சுன்னா எங்கம்மா மூஞ்சில நான் முழிக்க முடியாது. அந்தத் தம்பிக்குப் போச்சுன்னா உங்க மூஞ்சில நான் முழிக்கோணும். ரெண்டுல எது சுளுவுன்னு நீங்களே சொல்லுங்க."

 மேடத்திடம் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பும் வந்தது, பொய் சொல்லக் கூடாது. அவர் வேற்று ஊர்க்காரர், மலைக்குத் திரும்பிப் போய்விடுவார், யார் கேட்கப் போகிறார்கள். மச்சான் தானாக வாய் திறக்க மாட்டார், திறந்தாலும் நான் சொன்னால் மூடிக்கொள்வார். இதையெல்லாம் வரிசையாக யோசித்தேன். இப்படி யோசிக்கிறவன்தானா மற்றவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தான் என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

காலையில் ஏழரைக்கே ஆலைக்குப் போனேன். கேட்டுக்குப் பின்னால் காண்ட்ராக்ட் ஆட்கள் தங்குகிற அறையில் அவர் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அப்போதும் அந்த மரியாதை போகவில்லை.

"நேத்து ஏன் வாயைத் தொறக்கலீங்க? நான் வெக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?" என்றேன்.

 "நீங்கதான் வச்சீங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றார்.

எனக்குக் காது கேட்காத மாதிரி இருந்தது. "நானா?"

"மொத நாளுல இருந்து என் கையவே பாத்துக்கிட்டு நின்னிய. நான் இங்க வேலைக்கு வாறது உங்களுக்குப் பிடிக்கலன்னு தெரியும். பீரோ சாவி உங்ககிட்ட. நல்லா ஓடுத பெட்டியத் தொறக்கணும்னு நீங்களே போயி பெர்மிட் கேட்டிய. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஆளு மாதிரி நேரா அந்தப் பெட்டியத்தான் தொறந்திய. வச்சவரே எடுத்துக் காட்டும்போது நான் என்னத்தச் சொல்ல? சொன்னா யாரு நம்புவா?" பையின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னார். "எங்க ஊருல சைக்கிளே கெடையாது அண்ணாச்சி. அந்த ஏத்தத்துல யாரு மிதிப்பா? சைக்கிள் டியூபுக்கு நான் எங்க போவேன்?"

கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே இறங்கியும் போனது. அவர் போட்ட கணக்கு நான் போட்ட கணக்கைவிட நூறு மடங்கு நேர்த்தியாக இருந்தது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

"வெச்சது என் மச்சானுங்க. வெக்கறதுக்குச் சொல்லிக் குடுத்தது நான். வாங்க, மேடத்தைப் பாக்கலாம்" என்றேன். அவர் உடனே வரவில்லை. இதில் என்ன வலை இருக்கிறதோ என்று பார்க்கிறார் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பேன். கடைசியில் வந்தார், ஆனால் எனக்கு நாலடி பின்னால்தான் நடந்தார்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் ரிப்போர்ட் பொய், நான் கண்ணால் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதை இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுதினேன், முந்தின நாள் ஒரு வார்த்தைகூட அடிக்கவில்லை. பத்து மணிக்கு மச்சானும் தானாக வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "நாந்தானுங்க வெச்சேன்" என்று சொல்லிவிட்டார். மச்சானுக்கு அன்றோடு வேலை போனது. சாவியைக் கொடுத்ததற்கும் பொய் ரிப்போர்ட்டுக்கும் எனக்கு மெமோ. மச்சான் இப்போது பொள்ளாச்சியில் ஒரு பம்ப்செட் கடையில் இருக்கிறார், என்னோடு பேசுகிறார். என் மாமியார்தான் பேசுவதில்லை. பண்டிகை நோம்பிக்குப் போனால் இலை போடுவார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

அடுத்த வாரம் தகரக் கூடும் கிரீசும் வந்தன. சூரியநெல்லிக்காரருக்கு அன்று காலையில்தான் வேலை ஆர்டர் கையில் கிடைத்திருந்தது. மனைவியிடம் போனில் சொன்னபோது அந்தம்மா அழுததாகக் கேட்டில் பேசிக்கொண்டார்கள். ஹாய்ஸ்ட்டைத் திரும்ப ஓட்டுவதற்கு முன்னால் ரிப்போர்ட்டில் நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேடம் புதுச் சட்டம் வைத்திருந்தார். நான் ஏணியில் ஏறி, விளிம்பைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, கிரீஸ் தடவி, மூடியை வைத்து, எட்டு போல்ட்டையும் முடுக்கினேன். கேஜ் வைத்து நாலு பக்கமும் பார்த்தேன். நுழையவில்லை. என் கையெழுத்தைப் போட்டுப் பேனாவை அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "ஒருக்கா தொறங்க அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"கேஜ் வெச்சுப் பாத்தாச்சுங்க. நீங்களும் கீழ நின்னு பாத்தீங்களே."

"பாத்தேன். உள்ளயும் பாத்துக்கிடுதேன்."

பதினாறு வருஷத்தில் நான் மூடின பெட்டியை யாரும் திறக்கச் சொன்னதில்லை.  அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது, கீழே கூடை வாங்குகிற ஆட்கள் வேறு நின்றுகொண்டிருந்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார் போலிருக்கிறது.

"உங்க மேல சந்தேகமெல்லாம் இல்ல அண்ணாச்சி" என்றார்.

இதே வார்த்தையை எத்தனையோ பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அது நிஜமாக இருந்ததில்லை. ஏணியில் ஏறி முதல் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.